ஃபிளாஷ் அடிக்காத கல்யாணம்

எந்த மிரர்லெஸ் கேமரா வாங்கலாம் என்று வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறீர்கள். பிரிக்பீல்ட்ஸ் ஸ்டுடியோவை, என்னிடம் வேலை பழகிய உங்கள் கையில் கொடுத்துவிட்டுக் காஜாங்கில் வந்து உட்கார்ந்த பிறகும் வாட்ஸ்அப்பில் கேள்விகள் நிற்கவில்லை. நிற்க வேண்டாம். காலையில் காப்பியோடு பால்கனியில் உட்கார்ந்து உங்களுக்குப் பதில் எழுதுவது எனக்குப் பிடித்த வேலை.

கடைசிக் காலத்தில் நான் இரண்டு மிரர்லெஸ் கேமராக்களை வைத்திருந்தேன். இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஒன்றுக்குக் கறுப்புப் பட்டை, மற்றதற்குச் சிவப்புப் பட்டை. கறுப்புப் பட்டைக்கு இருட்டில் நல்ல கண். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில்கூட முகத்தைத் தேடிப் பிடித்துவிடும், படத்தில் புள்ளி புள்ளியாக விழாது. ஆனால் ஃபிளாஷைப் போட்டால் அதற்கு ஒரு நாள் போல இன்னொரு நாள் இருக்காது. ஒரு படம் சரியாக வரும், அடுத்த படத்தில் மாப்பிள்ளையின் நெற்றி மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கும். சிவப்புப் பட்டை நேர்மாறு. ஃபிளாஷோடு அது சொன்னதைக் கேட்கும். நம் ஆட்களின் தோல் நிறத்தையும் அரக்கு நிறப் பட்டுப் புடவையையும் அது எடுக்கும் அழகே தனி. இருட்டில் மட்டும் திணறும்.

ஆகவே ஃபிளாஷ் போட்டு எடுப்பவர்களுக்குச் சிவப்பு, போடாமல் எடுப்பவர்களுக்குக் கறுப்பு. இதை யூடியூபில் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். ஃபிளாஷ் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதைக் கழற்றிப் பையில் வைக்க வேண்டிய ஒரு காலை வரும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கு அது கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் வந்தது. அதைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்பதால்தான் சொல்கிறேன்.

மாப்பிள்ளை பெயர் தினேஷ். போர்ட் கிள்ளானில் வீடு. அப்பா இல்லை. அம்மா லெட்சுமி அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் கேன்டீன் நடத்தி அவனைத் தனியாக வளர்த்தவர். இடைவேளை மணி அடித்ததும் பாய்ந்து வரும் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்த குரல் அது. மைக் இல்லாமலே மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்கும். கல்யாணம் பேச ஸ்டுடியோவுக்கு வந்தபோதே அவர் என்னிடம் கறாராகச் சொல்லியிருந்தார்.

“இங்க பாரு சுசிலா, என் தங்கச்சி வீட்டு கல்யாண ஆல்பம் பாத்தேன். எல்லாம் மசமசன்னு இருட்டு. கேட்டா அதுதான் ஸ்டைலாம். எனக்கு ஸ்டைல் எல்லாம் வேணாம் லா. என் மகன் கல்யாணம் பளிச்சுன்னு இருக்கணும்.”

“பளிச்சுன்னு எடுத்துடலாம் அக்கா” என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்று காலை நானும் வீடியோ எடுக்கும் தேவாவும் முன்னதாகவே மண்டபத்துக்குப் போய்விட்டோம். தேவாவும் நானும் பல வருடம் சேர்ந்து வேலை செய்தவர்கள். மேடைக்கு இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் ஃபிளாஷ்களை நிறுத்தினேன். மேடை அலங்காரக்காரர் பின்னால் ஊதா நிறத்தில் எல்.இ.டி. விளக்குகளைக் கட்டியிருந்தார். அந்த ஊதாவை என் ஃபிளாஷ் வெளிச்சம் அமுக்கிவிடும் என்பதால் நான் கவலைப்படவில்லை.

தினேஷ் பட்டு வேட்டி சட்டையோடு என்னிடம் வந்தான். சிரிக்கவில்லை.

“அக்கா, ஃபிளாஷ் இல்லாம எடுக்க முடியுமா?”

“சில படம் அப்படித்தான் எடுப்பேன் தம்பி.”

“சில படம் இல்லக்கா. தர்ஷினி மேடையில இருக்கற வரைக்கும் ஒண்ணுகூட வேணாம்.”

“ஏன்?”

அவன் வாசல் பக்கம் பார்த்தான். அவன் அம்மா அங்கே நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். “காரணம் கேக்காதீங்கக்கா, ப்ளீஸ்” என்றான். யாரோ கூப்பிட, போய்விட்டான்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இன்டர்நெட்டில் எதையோ பார்த்துவிட்டு இயற்கை வெளிச்சம் வேண்டும் என்று கடைசி நேரத்தில் வந்து கேட்கிற மாப்பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்ப்பீர்கள். அவர்களுக்குத் தலையை ஆட்டிவிட்டு நம் வேலையை நாம் பார்ப்பதுதான் வழக்கம். அப்படியே செய்வது என்று நினைத்துக்கொண்டு, பெண்ணைப் படமெடுக்க அலங்கார அறைக்குப் போனேன்.

தர்ஷினி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அலங்காரம் முடிந்து, ஒப்பனை செய்தவர் காப்பி குடிக்க வெளியே போயிருந்தார். வேறு யாரும் இல்லை. நான் வழக்கம்போலக் கேமராவின் தலையில் ஃபிளாஷை மாட்டி, சுவர்ப் பக்கம் திருப்பி ஒரு தடவை அடித்துப் பார்த்தேன்.

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பி, ஒரு உள்ளங்கையால் ஒரு கண்ணை அழுத்திப் பொத்திக்கொண்டாள்.

எத்தனையோ பெண்கள் என் ஃபிளாஷுக்கு முன்னால் கண் கூசியதைப் பார்த்திருக்கிறேன். கண் கூசுகிறவர்கள் இரண்டு கண்ணையும் மூடுவார்கள். ஒரு கண்ணை மட்டும் பொத்துகிறவளை அன்றுதான் பார்த்தேன். அது பழகிய கை. யோசிக்காமல் போய்ச் சரியான இடத்தில் உட்கார்ந்த கை.

கேமராவைக் கீழே வைத்தேன். “என்னம்மா ஆச்சு?”

அவள் கையை எடுத்துவிட்டு, மை கலைந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஸ்கூல்ல படிக்கறப்ப இருந்து எனக்கு ஃபிட்ஸ் இருக்குக்கா. மாத்திரை சாப்பிடறேன், நல்லாதான் இருக்கேன். ஆனா விட்டு விட்டு அடிக்கற வெளிச்சம் ஆகாது. நேத்து ராத்திரி வேற சரியா தூங்கல. தூக்கம் இல்லன்னா இன்னும் ஈசியா வந்துடும். திடீர்னு லைட் அடிச்சா ஒரு கண்ண மூடிக்கணும்னு டாக்டர் சொல்லிக் குடுத்திருக்காரு.”

“தினேஷுக்குத் தெரியுமா?”

“பழக ஆரம்பிச்சப்பவே சொல்லிட்டேன். அவங்க அம்மாவுக்குத்தான் தெரியாது. நான் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிடலாம்னுதான் சொன்னேன். அவருதான் பயந்துட்டாரு. அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னாரு.” அவள் குரல் இறங்கியது. “மேடையில எல்லார் முன்னாடியும் வந்துட்டா என்னக்கா பண்றது?”

அவளுக்கு ஃபிட்ஸ் இருப்பது யாருக்கும் அவமானமில்லை. மறைத்திருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அதை மாமியாரிடம் சொல்லும் வேலை என்னுடையது அல்ல. அதுவும் முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, அலங்கார அறையிலிருந்து நான் எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லக்கூடிய செய்தியே அல்ல. என் வேலை வெளிச்சம். அதை மட்டும் நான் பார்த்துக்கொள்ள முடியும்.

“இந்த மண்டபத்துல இன்னிக்கு ஃபிளாஷ் அடிக்காது. நீ நிம்மதியா இரு” என்றேன். ஜன்னல் திரையை விலக்கி, அவளை அந்தப் பக்கம் திருப்பி உட்கார வைத்து, கறுப்புப் பட்டையில் சில படங்கள் எடுத்தேன். மூன்றாவதிலோ நான்காவதிலோ அவள் சிரித்தாள்.

வெளியே வந்து தேவாவைத் தேடினேன்.

“தேவா, இன்னிக்கு ஃபிளாஷ் கிடையாது. உன் வீடியோ லைட்டத்தான் நம்பி இருக்கேன். நேரா மூஞ்சில அடிக்காத, மேல சீலிங்ல அடி. போட்டா போட்டபடி இருக்கணும், அணைச்சு அணைச்சுப் போடாத. காரணம் சொல்ல முடியாது.”

“ஓக்கே” என்றான் தேவா. அவ்வளவுதான். உடனே விளக்கைத் தூக்கிக்கொண்டு போனான்.

எந்தக் கேமராவையும்விட அந்த ‘ஓக்கே’ பெரியது. கூட வேலை செய்கிறவரிடம் அதைச் சம்பாதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மேடை விளக்குக்காரர். பெண் நடந்து வரும்போது பளிச் பளிச்சென்று வெட்டி வெட்டி அடிக்கும் விளக்கு ஒன்றை வைத்திருந்தார். அது வேண்டாம் என்றேன். “பேக்கேஜ்லயே இருக்கு பாஸ், கஸ்டமர் கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார். அந்த வெளிச்சத்தில் என் படங்கள் வரி வரியாக விழுகின்றன என்று சொல்லி, நிஜமாகவே வரி விழுந்த ஒரு படத்தை எடுத்துக் காட்டினேன். கேமராவைச் சத்தமில்லாத முறையில் வைத்து எல்.இ.டி. வெளிச்சத்தில் எடுத்தால் இப்படிக் கறுப்புக் கறுப்பாகக் கோடு விழும். உங்களுக்குத் தெரிந்ததுதான். அவர் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். வெட்டி அடிக்கும் விளக்கு நின்றது. ஊதாவையும் இளமஞ்சளாக மாற்றிக் கொடுத்தார்.

அறிவிப்பாளரிடம் போய், ஃபோட்டோகிராபருக்கு இடைஞ்சலாக இருப்பதால் யாரும் போனில் ஃபிளாஷ் போட வேண்டாம் என்று சொல்ல வைத்தேன். எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்தேன். லெட்சுமி அக்காவை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை சடங்குகள் நடந்துகொண்டிருந்தபோது அவர் நேராக என்னிடம் வந்தார்.

“ஏம்மா, நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒரு ஃபிளாஷ்கூட அடிக்கல. என்ன ஆச்சு?”

“கெட்டுப்போச்சு அக்கா.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்தான் அக்கா, எதுவுமே அடிக்க மாட்டேங்குது.” அவர் நம்புவதற்காகக் கேமராவின் மேல் ஒரு ஃபிளாஷை மாட்டிப் படமெடுத்துக் காட்டினேன். அடிக்கவில்லை. அடிக்காது. கேமரா அப்போது சத்தமில்லாத முறையில்தான் இருந்தது. அந்த முறையில் வைத்தால் பல மிரர்லெஸ் கேமராக்களில் ஃபிளாஷ் வேலை செய்யாது. ஸ்டுடியோவில் உங்களில் பாதிப் பேர் ஃபிளாஷ் செத்துவிட்டது என்று பதறிக்கொண்டு வந்தது இதனால்தானே.

லெட்சுமி அக்காவின் முகம் இறுகிவிட்டது. “கல்யாணத்தன்னிக்கா கெட்டுப்போவுது? இரு, என் தம்பிய கூப்பிடறேன். அவனுக்கு இதெல்லாம் தெரியும்.”

அந்தத் தம்பிதான் மணியம் அண்ணன், தினேஷின் தாய்மாமன். கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கேமராவில் விழுந்தவர். கழுத்தில் தொங்கிய மிரர்லெஸ் என்னுடைய இரண்டையும் சேர்த்தாலும் எட்டாத விலை. அதன் தலையில் புத்தம் புதிய பெரிய ஃபிளாஷ். நல்லவேளையாக அதுவரை அவர் வாசலில் உறவினர்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் மிகுந்த சந்தோஷத்தோடு வந்தார். சந்தேகமே இல்லை, அன்று காலை முழுவதும் யாராவது தன்னைக் கேமரா விஷயமாகக் கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறார்.

“குடு தங்கச்சி, பாக்கறேன். முதல்ல பேட்டரி.” தன் பையிலிருந்து புதுப் பேட்டரிகளை எடுத்துப் போட்டார். அடிக்கவில்லை. “அப்ப கான்டாக்ட்ல எண்ணெய் பட்டிருக்கும். கல்யாண வீட்டுல இது நடக்கும்.” கழற்றி, கைக்குட்டையால் அடிப்பக்கத்து உலோகப் புள்ளிகளைத் துடைத்தார். அடிக்கவில்லை. “சரியா உள்ள போய் லாக் ஆகல போல.” அழுத்தி மாட்டினார். அடிக்கவில்லை. அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிளாஷ் கெட்டுப்போனால் நீங்கள் எந்த வரிசையில் பார்க்க வேண்டுமோ அதே வரிசையில் மனிதர் பார்த்துக்கொண்டு போனார். அடுத்து அவர் எங்கே வருவார் என்று எனக்குத் தெரியும்.

வந்துவிட்டார். மெனுவைத் திறந்தார். விரல் நின்றது.

அவர் கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தார். ஃபிளாஷ் கெடவில்லை, நான்தான் அதை அடிக்க விடாமல் வைத்திருக்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா எனக்கு ஃபிளாஷ் போடத் தெரியவில்லை என்று நினைப்பார், இல்லை ஏன் இப்படிச் செய்தாய் என்று மண்டபமே கேட்கிற மாதிரி கேட்பார். இரண்டிலும் அந்தப் பெண் மேல் ஃபிளாஷ் விழுவது நிச்சயம்.

இந்த மாதிரி நேரத்தில் இன்னொரு பொய்தான் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதைச் சொல்லவேண்டாம் என்று எனக்கு எப்படியோ தோன்றியது. விஷயம் தெரிந்தவரிடம் இரண்டாவது பொய் எடுபடாது.

“அண்ணே, இப்படி கொஞ்சம் வாங்களேன், உங்க கேமராவப் பத்தி ஒண்ணு கேக்கணும்” என்று தூண் பக்கம் அழைத்துக்கொண்டு போனேன்.

“நீதானே ஆஃப் பண்ணி வெச்சிருக்க?” என்றார் மெதுவாக.

“ஆமா அண்ணே. காரணம் இருக்கு. நல்ல காரணம். ஆனா அத சொல்ற உரிமை எனக்கு இல்ல.”

நான் தொடர்ந்தேன்.

“என் கேமராவ விட உங்களது இந்த இருட்டுல நல்லா பாக்கும். சும்மா சொல்லல, நிஜமாத்தான். எனக்கு இன்னிக்கு இன்னொரு ஆள் வேணும். உங்க ஃபிளாஷ கழட்டிட்டு மாப்பிள்ளைக்குப் பின்னாடி நின்னு தாலி கட்டற படம் எடுத்துக் குடுப்பீங்களா? நான் இந்தப் பக்கம் எடுக்கறேன்.”

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எனக்கு நிஜமாகவே ஆள் தேவைப்பட்டது. ஃபிளாஷ் இல்லாமல், கூட்டம் எழுந்து நிற்கும்போது, ஒரே பக்கத்திலிருந்து தாலி கட்டுவதை எடுக்க நம்பிக்கை இல்லை.

மணியம் அண்ணன் மேடையைப் பார்த்தார். தினேஷ் அங்கே புகை நடுவே உட்கார்ந்து, மந்திரத்தைக் கவனிக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய முகத்தில் மாமா எதைப் பார்த்தாரோ தெரியாது. ஃபிளாஷைக் கழற்றிச் சட்டைப் பையில் போட முயன்றார். நுழையவில்லை. என் பையில் போட்டார். பிறகு அக்காவைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

“அக்கா, செத்துப்போச்சு லா. பேட்டரி, கான்டாக்ட் எல்லாம் பாத்துட்டேன், உயிர் இல்ல. ஆனா தேவையும் இல்ல. இந்தக் காலத்து கேமராவுக்கு எதுக்கு ஃபிளாஷ்? நானும் எடுக்கறேன், நீ போய் பொண்ண கூட்டிட்டு வரச் சொல்லு.”

தம்பி சொன்ன பிறகு லெட்சுமி அக்காவுக்கு மறுபேச்சு இல்லை. “பளிச்சுன்னு வரலன்னா உன்னையும் சேத்துத்தான் கேப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெண் நடந்து வந்தாள். இளமஞ்சள் வெளிச்சம், சீலிங்கில் பட்டு இறங்கிய தேவாவின் வெளிச்சம், பக்கவாட்டுக் கதவுகளிலிருந்து வந்த பகல். கறுப்புப் பட்டையை அதன் போக்கில் விட்டேன், அது அவள் கண்களைப் பிடித்துக்கொண்டே வந்தது. சத்தமில்லாத முறையை மாற்றிவிட்டேன், கோடுகள் போய்விட்டன.

கெட்டிமேளம் கொட்டியது. கூட்டம் எழுந்தது. பூவும் அரிசியும் பறக்க ஆரம்பித்தன. தினேஷ் இரண்டு கையிலும் தாலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். தர்ஷினி கைகூப்பித் தலை தாழ்த்தியிருந்தாள். அவளால் கண்ணைப் பொத்த முடியாது, அவனாலும் கையை எடுக்க முடியாது. அந்தச் சமயம் பார்த்து, பெண்ணின் முகத்துக்கு நேராக மேடை ஓரத்தில் ஒரு உறவுக்கார அம்மாள் போனை நீட்டினார். அறிவிப்பு அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது. போனின் சின்ன விளக்கு ஒரு தடவை அடித்தது. அடுத்ததற்கு அவர் விரல் இறங்கியது.

நான் இருந்த இடத்திலிருந்து எட்டாது. வாயைத் திறந்தேன், மேளத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மணியம் அண்ணன் தினேஷின் பின்னால் கேமராவைக் கண்ணில் வைத்தபடி நின்றிருந்தார். படத்துக்குத் தயாராக இருந்தவர் கேமராவை விட்டுவிட்டார். அது கழுத்தில் தொங்கி ஆட, இரண்டு எட்டில் தாண்டி வந்து, அந்த அம்மாளின் போனைத் தன் அகன்ற உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பெண்ணுக்கும் போனுக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றுவிட்டார். அம்மாள் ஏதோ கத்தினார். அவர் சிரித்துக்கொண்டே மற்றக் கையை உயர்த்திக் கும்பிட்டார். நகரவில்லை.

நான் எடுத்தேன். முதல் முடிச்சு, இரண்டாவது, பிறகு நாத்தனார் முறையில் ஒரு பெண் வந்து போட்ட மூன்றாவது. எல்லாம் கிடைத்தது. தர்ஷினி நிமிர்ந்தாள். கண்கள் தெளிவாக இருந்தன. தினேஷைப் பார்த்தாள். அவன் நெற்றியில் வியர்வை ஆறாக ஓடியது.

மேடையிலிருந்து இறங்கியதும் மணியம் அண்ணன் என் அருகில் வந்தார்.

“காரணம் நீ சொல்லல, நானும் கேக்கல. ஆனா தங்கச்சி, தாலி கட்டற படம் ஒண்ணுகூட என்கிட்ட இல்ல.” சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்ததில் கண்ணில் தண்ணீரும் வந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் லெட்சுமி அக்கா என்னைப் பிடித்தார். “காட்டு.”

கேமராவின் பின்திரையில் தாலி கட்டும் படத்தைக் காட்டினேன். பளிச்சென்று இல்லை. மாலை வெயில் போல ஒரு வெளிச்சம், அதில் இரண்டு முகங்கள். அக்கா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

“இவன் தாலிய பாக்கவே இல்லயே. அவ மூஞ்சியத்தானே பாக்கறான்” என்றார். குரல் அவருடைய வழக்கமான குரலாக இல்லை. “எங்க கல்யாணத்துல இவன் அப்பாவும் அப்படித்தான் பாத்தாரு. ஐயர் திட்டினாரு.”

அவள் நன்றாக இருக்கிறாளா என்று பார்க்கத்தான் தினேஷ் முகத்தைப் பார்த்தான் என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரிந்தது வேறு. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க மாமியாரும் மருமகளும் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸ் வந்தார்கள். தர்ஷினி கணினியில் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா என்னைப் பார்த்து நேராகச் சொன்னார்.

“நீ எங்கிட்ட பொய் சொன்ன.”

“ஆமா அக்கா.”

“இவ எல்லாத்தையும் சொல்லிட்டா. அவன் சொல்லல, இவதான் சொன்னா. கேட்டதும் எனக்கு அப்படி ஒரு கோவம். கொஞ்ச நாள் அவன்கூட பேசவே இல்ல.” நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “வியாதிக்கு இல்ல. என் கேன்டீன்ல எத்தன புள்ளைங்களுக்கு ஃபிட்ஸ் வந்து நான் தூக்கிப் படுக்க வெச்சிருக்கேன் தெரியுமா? என்னைப் பாத்து என் புள்ள பயந்திருக்கான் பாரு, அதுக்குத்தான் கோவம்.”

தர்ஷினி திரையிலிருந்து திரும்பாமலே, “அத்தை, இந்தப் படம் போட்டுக்கலாமா?” என்றாள். அதில் மணியம் அண்ணன் அந்த உறவுக்கார அம்மாளின் போனைப் பொத்திக்கொண்டு கும்பிடுகிற பாதி உருவம் ஓரத்தில் விழுந்திருந்தது. அக்கா எட்டிப் பார்த்தார். “போடு, பெருசா போடு” என்றார்.

இந்தக் கதையிலிருந்து என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நீட்டிச் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும். யாராவது உங்களிடம் காரணம் சொல்லாமல் ஒன்றைக் கேட்டால், அது உங்கள் படத்தைத்தான் கெடுக்கும், வேறு யாரையும் கெடுக்காது என்றால், முதலில் சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு யோசியுங்கள். அலங்கார அறைக்குள் போகும்போது என் மனதில் இருந்த எரிச்சல் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால், அந்த ஒற்றைக் கையை நான் பார்த்தும் பார்க்காமல் போயிருப்பேன்.

நான் வேலையை விட்ட பிறகு தர்ஷினியின் வளைகாப்புக்கு அழைப்பு வந்தது. விருந்தாளியாகப் போனேன், கேமரா இல்லாமல். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. போர்ட் கிள்ளானில் அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே மணியம் அண்ணன் ஃபிளாஷ் இல்லாத கேமராவோடு ஓடியாடிக்கொண்டிருந்தார். நாற்காலியில் வயிற்றைத் தாங்கி உட்கார்ந்திருந்த தர்ஷினி என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

வாசலில் லெட்சுமி அக்கா நின்றிருந்தார். எனக்கு முன்னால் போன பெண்களை நிறுத்தி, அதே கேன்டீன் குரலில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

“படம் எடுங்க, நல்லா எடுங்க. ஆனா போன்ல ஃபிளாஷ ஆஃப் பண்ணிடுங்க. என் மருமகளுக்கு ஃபிட்ஸ் இருக்கு, அந்த வெளிச்சம் அவளுக்கு ஆகாது.”

ஒரு பெண் தயங்கி, “ஐயோ, அப்படியா அக்கா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஆமா லா” என்றார் லெட்சுமி அக்கா, குரலைத் தாழ்த்தாமல். “உள்ள போங்க, மோர் வெச்சிருக்கு, குடிங்க.”